கை மரத்தால் வண்டியை நிறுத்துங்கள்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இந்தத் தூரத்தை நாள்தோறும் கப்சாய் மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்புகிறவர்கள் நம்மில் ஏராளம். தொழிற்சாலை ஊழியர், பாதுகாவலர், அலுவலக உதவியாளர், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் என்று எல்லா வகையினரும் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையின் சிவப்பு விளக்கில் இவர்கள் நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். ஒருவர் வலக்கையைத் தொங்கவிட்டு உதறுவார். இன்னொருவர் இருக்கையை விட்டு எழுந்து இடுப்பை நெளிப்பார். என்ன ஆச்சு என்று கேட்டால், "அதெல்லாம் பழகிப்போச்சு" என்பதுதான் பதில்.

அந்தப் பதில்தான் எனக்குக் கவலை தருகிறது. மரத்த விரல் பிரேக்கைத் தாமதமாகவே பிடிக்கும். கழுத்து இறுகியவர் தடம் மாறும்போது திரும்பிப் பார்ப்பதைத் தவிர்ப்பார். மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனித்தடம் முதன்முதலில் போடப்பட்டது 1970களில். பின்னாளில் பேராசிரியர் ராடின் உமார் ராடின் சொஹாடியும் உடன் ஆய்வாளர்களும், தனித்தடம் வந்த பிறகு மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். சாலையைத் திருத்தினால் உயிர் பிழைக்கிறது என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று அது. சாலையில் போகிறவரின் உடம்புக்கும் அதே அக்கறை வேண்டும்.

உடம்புக்குள் நடப்பது

இன்ஜினின் அதிர்வு கைப்பிடி வழியாக ஏறுகிறது. சாலையின் மேடுபள்ளம் இருக்கை வழியாக ஏறுகிறது. உட்கார்ந்திருக்கும் மனிதரின் முதுகெலும்பு, வினாடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரும் குலுக்கலுக்குத்தான் மிக அதிகமாக ஆடும். கரடுமுரடான தார்ச்சாலையில் வருவது பெரும்பாலும் இந்த மாதிரிக் குலுக்கல்தான். அதைத் தாங்க முதுகுத் தசைகள் ஓயாமல் இறுகிக்கொண்டே இருக்கின்றன. நாம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறோம், தசை ஓய்வே இல்லாமல் வேலை செய்கிறது.

முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் உட்பகுதிக்கு இரத்தக்குழாய் கிடையாது. நாம் குனிந்து நிமிர்ந்து அசையும்போதுதான் அவற்றுக்குள் நீரும் சத்தும் ஊறிச் செல்கின்றன. ஒரே நிலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த ஊட்டம் தடைப்படுகிறது. வண்டியை நிறுத்தி இறங்கியதும் நிமிர முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கை மரத்தால் எந்த விரல் மரக்கிறது என்று பாருங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால், உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஓடும் நரம்பு கைப்பிடியில் அழுந்துகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால், மணிக்கட்டின் நடுவில் ஓடும் நரம்பு நெருக்கப்படுகிறது. கையை மேல்நோக்கி மடக்கியபடி வெகுநேரம் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டாவது அதிகம். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் அளவுக்குக் கை விறுவிறுத்தால் மருத்துவரிடம் காட்டவேண்டிய கட்டம் வந்துவிட்டது. நரம்பு பல மாதம் நசுங்கியே கிடந்தால் பெருவிரலின் அடிச்சதை வற்றிப்போகும். அது திரும்ப வருவது கடினம்.

பட்டறையில் கேட்டுச் செய்துகொள்ள வேண்டியவை

வண்டியை வாங்கிய நாளில் இருந்தபடியே பத்து வருடம் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ளவரும் ஆறடி ஆளும் ஒரே வண்டியை ஒரே அமைப்பில் ஓட்டினால் யாராவது ஒருவருக்கு வலிக்கத்தான் செய்யும்.

முதலில் பிரேக் நெம்புகோல். வண்டியில் உட்கார்ந்து கையை இயல்பாக நீட்டி விரல்களை நெம்புகோல்மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல்முட்டி வரை ஒரே நேர்க்கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் நெம்புகோல் உங்களுக்கு உயரத்தில் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் ஆணியைத் தளர்த்திக் கொஞ்சம் கீழே திருப்பி முடுக்கினால் போதும். தெரிந்த பட்டறைக்காரர் காசுகூட வாங்கமாட்டார். கை மரப்பவர்களில் பலருக்கு இந்த ஒரு வேலையே பெரிய மாற்றத்தைத் தரும்.

அடுத்தது கைப்பிடி ரப்பர். வெயிலில் காய்ந்து கல்லாகிப்போன ரப்பர் அதிர்வை அப்படியே கைக்குக் கடத்தும். சில வெள்ளியில் புதியது கிடைக்கும். மென்மையானதாகப் பாருங்கள், மிகத் தடிமனானது சிறிய கைகளுக்கு ஆகாது, பிடித்திருக்கவே விரல்கள் கூடுதலாக உழைக்க வேண்டும்.

பிறகு டயரின் காற்றும் பின்பக்க அப்சோர்பரும். எண்ணெய் மிச்சமாகும் என்று அளவுக்கு மேல் காற்றடிப்பவர்கள் உண்டு. அந்த மிச்சத்துக்கு முதுகுதான் விலை கொடுக்கிறது. பின்சக்கரத்தின் இருபுறமும் உள்ள அப்சோர்பரில் படிப்படியாகத் திருகும் வளையம் பல வண்டிகளில் இருக்கிறது. மனைவியோ பிள்ளையோ பின்னால் உட்கார்ந்து வரும் பயணத்துக்கு அதை இறுக்க வேண்டும், தனியாக ஓட்டும்போது தளர்த்த வேண்டும். எண்ணெய் கசியும் அப்சோர்பர் அதிர்வை வாங்காது, மாற்றிவிடுங்கள்.

தம்பிமார்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கைப்பிடியைத் தாழ்த்தி, இருக்கைப் பஞ்சை வெட்டி மெல்லியதாக்கி, சன்ன டயர் போடுவது பார்க்க அழகாக இருக்கலாம். இருபது வயதில் உடம்பும் அதைப் பொறுத்துக்கொள்ளும். அந்த வண்டியில் தினமும் ஷா ஆலம் போய்வரும்போது கழுத்தெலும்பும் இடுப்பெலும்பும் வாங்கும் அடி முப்பத்தைந்து வயதில் கணக்குக் கேட்கும்.

இருக்கை

உட்காரும்போது உடம்பின் எடையைத் தாங்க வேண்டியவை புட்டத்தின் அடியிலுள்ள இரண்டு எலும்புகள். இருக்கை குழிந்துபோயிருந்தாலோ முன்பக்கம் சரிந்திருந்தாலோ எடை அங்கிருந்து விலகி, தொடைகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய பகுதியில் விழும். அங்கே முக்கியமான நரம்பும் இரத்தக்குழாயும் ஓடுகின்றன. ஆண்களுக்கு அந்த இடம் மரத்துப்போவது, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், தாம்பத்தியத்தில் தளர்ச்சி என்று தொல்லைகள் வரலாம். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பதால்தான் இதைப் பற்றி நாம் கேள்விப்படுவதே இல்லை.

மெத்தென்று அமுங்கும் இருக்கை நல்லது என்ற எண்ணம் தவறு. பத்து நிமிடத்துக்கு அது சுகம். ஒரு மணி நேரத்தில் எலும்பு பஞ்சைத் தாண்டித் தகட்டைத் தொட்டுவிடும். ஓரளவு கெட்டியான பஞ்சை, பின்புறம் அகலமாக, சமமாக அமைத்துத் தரும் இருக்கைத் தையல்காரரிடம் கொடுத்து மாற்றுங்கள். காற்றோட்டமுள்ள வலை உறை போட்டால் வியர்க்குருவும் குறையும். ஜீன்ஸ் கால்சட்டையின் தடித்த தையல் எலும்புக்கு நேராக வந்து உறுத்தும். நெடும்பயணத்துக்கு வேறு கால்சட்டை நல்லது. பின்பாக்கெட்டில் பணப்பையை வைத்துக்கொண்டு ஓட்டினால் இடுப்பு ஒருபக்கம் சாயும்.

வெயில், காற்று, இரைச்சல், மழை

சட்டைமேல் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு ஓட்டுவது நம் நாட்டில் பரவலான வழக்கம். நெஞ்சில் காற்றடித்தால் ஆகாது என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது. நெஞ்சுக்குள் காற்று புகுந்துவிடாது. ஆனாலும் நீண்ட கையுள்ள உடை வெயிலைத் தடுக்கிறது, வியர்வை சட்டென்று காய்ந்துவிடாமல் காக்கிறது. ஜாக்கெட்டை நேராகப் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். முன்பின்னாகப் போட்டது காற்றில் உப்பிக் கைப்பிடியில் சிக்கும் அபாயம் உண்டு.

வண்டியில் போகும்போது வியர்வை தெரியாது, காற்று உடனே உலர்த்திவிடும். தாகம் எடுப்பதற்குள் உடம்பு காய்ந்திருக்கும். தலைவலி, எரிச்சல், கவனச்சிதறல் மூன்றும் அதன் அறிகுறி. வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமலே புறப்படும் பெண்கள் பலர். சிறுநீர்த் தொற்றுக்கும் கல்லுக்கும் அதுவே வழி. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும்படி குடியுங்கள். இனிப்பான தே தாரேக்கும் சக்தி பானமும் தண்ணீருக்கு ஈடாகாது.

நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். தொழிற்சாலையில் 85க்கு மேல் நாள் முழுக்க வேலை செய்தாலே காதுக்குக் கேடு. பயணம் முடிந்து படுத்தபின் காதில் ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை. தலைக்கவசம் சிரிம் முத்திரையோடு, கன்னத்தை அணைக்கும் அளவில் இருந்தால் இரைச்சலும் குறையும். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் அழுத்தினால் அளவோ வடிவமோ உங்களுக்குப் பொருந்தவில்லை.

மாலை மழை பிடித்தால் மேம்பாலத்தின் அடியில் சாலையோரமாக நிற்பது உயிருக்கே ஆபத்து. மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கென்று கட்டிய ஒதுங்கிடம் வரை மெதுவாகப் போங்கள். நனைந்த உடையோடு காற்றில் ஓட்டினால் நம் ஊரிலும் குளிர் உடம்பை விறைக்கச் செய்யும். விறைத்த கையால் பிரேக்கை அளந்து பிடிக்க முடியாது.

இனிப்புநீர் உள்ளவர்களுக்குத் தனியாக

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அதனால் இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

மற்றவருக்குக் கை மரத்தால் வண்டியில் ஏதோ சரியில்லை. இனிப்புநீர் உள்ளவருக்கு அது நரம்பே பழுதாகத் தொடங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாம். வண்டியை விட்டு இறங்கி அரைமணி நேரம் கழித்தும் மரப்பு போகவில்லை, இரண்டு பாதமும் எரிகிறது, ஊசி குத்துகிறது என்றால் சுகாதார கிளினிக்கில் அடுத்த முறை போகும்போது கட்டாயம் சொல்லுங்கள். உணர்வு குறைந்த காலில் புகைக்குழாய் சுட்டாலும் தெரியாது. செருப்போடு ஓட்டி, கெண்டைக்காலில் சுட்டுக்கொண்டு, கொப்புளம் புண்ணாகி, காலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போகக் கூடாது. மூடிய காலணியும் நீளக் கால்சட்டையும் அணியுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு ஓட்டவே கூடாது. புறப்படுமுன் சோதித்து, சர்க்கரை லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். நெடும்பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். நடுக்கம், திடீர் வியர்வை, பார்வை மங்கல் வந்தால் உடனே ஓரங்கட்டி, சாவியை எடுத்துவிட்டு, இனிப்பு பானம் குடியுங்கள். சர்க்கரை ஏறிய பிறகும் மூளை தெளிய முக்கால் மணி நேரம் வேண்டும். அதுவரை வண்டியைத் தொடாதீர்கள்.

மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவர்கள்

போலியோவாலோ விபத்தாலோ கால் செயலிழந்து, பக்கச் சக்கரம் பொருத்திய மோட்டாரில் வேலைக்குப் போகிறவர்களை நாம் பார்க்கிறோம். அவர்களுடைய தேவை வேறு. இந்த வண்டி வளைவில் சாயாது, அதனால் ஓட்டுபவரின் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். அந்தத் தள்ளலைத் தோளும் முதுகும் தாங்குகின்றன. முதுகுச் சாய்மானம் பொருத்தினால் பெரிய ஆறுதல்; சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலோடு அதைச் செய்துகொள்ளுங்கள்.

முதுகுத்தண்டு அடிபட்டுக் கீழுடலில் உணர்வு இல்லாதவர்களுக்குப் படுக்கைப்புண்ணே பெரிய எதிரி. மற்றவருக்கு வலித்தால் நெளிந்து உட்காருவார். இவர்களுக்கு வலிக்காது, தோல் உள்ளே சாகும். பதினைந்து நிமிடம் முதல் அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி, கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கியோ பக்கவாட்டில் சாய்ந்தோ எடையை மாற்ற வேண்டும். சக்கர நாற்காலிக்குத் தரும் காற்று மெத்தை வண்டிக்கும் உதவும். இரவில் கண்ணாடி வைத்துப் பார்த்து, சிவந்த இடம் அழுத்தியும் வெளுக்காமல் இருந்தால் அது ஆறும்வரை அந்த இருக்கையில் உட்காரக் கூடாது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு இருநூறு கிலோமீட்டர், பட்டர்வொர்த்துக்கு முந்நூற்றைம்பது. வேலை முடிந்த இரவே புறப்படுவதுதான் நம் பழக்கம். பகல் முழுக்க உழைத்த உடம்பு நள்ளிரவில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். சில மணி நேரம் படுத்துவிட்டு விடியற்காலையில் கிளம்புங்கள். வடக்கே போகிறவர்களுக்கு உலு பெர்ணாம், தாப்பா, சிம்பாங் பூலாய், சுங்கை பேராக் என்று ஓய்விடங்கள் வரிசையாக இருக்கின்றன. மணிக்கு ஒருமுறை இறங்குவதே நல்லது. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் நடந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைந்து, மணிக்கட்டைச் சுழற்றி, தோளைத் தூக்கி இறக்கினால் போதும். உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பது ஓய்வில் சேராது. கொட்டாவி தொடர்ந்து வந்தால் ஓய்விடத்தில் இருபது நிமிடம் படுங்கள்.

உருவிவிடுவதும் மருத்துவரும்

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் பெயர்பெற்றவை. மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. இறுகிய தசைக்கு அவர்களுடைய கை நல்ல மருந்து. உங்களுக்கு இனிப்புநீர் இருந்தால், எலும்பு தேய்ந்திருந்தால், கால் மரத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோடாரித் தைலமும் இதமானதுதான். இரண்டுமே தசையோடு நின்றுவிடும், நசுங்கிய நரம்பை விடுவிக்காது. வலி புட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினாலோ இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மறுநாள்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. இடுப்பு வலியோடு, சேணத்தில் உட்காரும் இடமான தொடையிடை மரத்துப்போவது, சிறுநீர் இறங்காமல் அல்லது அடங்காமல் போவது, கால் திடீரென்று வலுவிழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் முதுகுத்தண்டின் கடைசி நரம்புக் கொத்து நசுங்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் அறுவை தேவைப்படலாம்; தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக்கூடும். வண்டியை நீங்கள் ஓட்டிப் போகாதீர்கள். 999ஐ அழையுங்கள், அல்லது வீட்டாரைக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்கோ காரில் கொண்டுபோகச் சொல்லுங்கள். அவசரப் பிரிவின் முகப்பில் இடுப்பு வலி என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள். தொடையிடை மரத்திருக்கிறது, சிறுநீர் போகவில்லை என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள்.