கல்லும் ஒரு சாட்சி

கடந்த சாரல் பருவத்தில் மதரஸா மாணவர்களைக் குற்றாலத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஐந்தருவி ஓடையில் கிடந்த கூழாங்கல் ஒன்றை ஏந்தி வந்த சிறுவன், "ஹஜ்ரத், இதை உடைத்தால் உள்ளே பழங்கால மீன் இருக்குமா?" என வினவினான்.

இராது என்பதே விடை. குற்றால மலைப் பாறைகள் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றில் உயிரினங்களின் சுவடு தங்குவதில்லை. நீரடியில் சேறும் மணலும் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகிய பாறைகளில்தான் தொல்லுயிர்ப் படிவங்கள் பெரும்பாலும் கிடைக்கின்றன.

நம் மாநிலத்தில் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் அத்தகைய நிலத்திற்குப் பெயர் பெற்றவை. முன்னொரு காலத்தில் அங்குக் கடல் இருந்தது. சுருள் வடிவ ஓடு கொண்ட அம்மோனைட் என்னும் உயிரினத்தின் படிவங்கள் இன்றும் அம்மண்ணில் உள்ளன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த அம்மரத்தின் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள்! அது பாதுகாக்கப்பட்ட சின்னம்; கண்ணால் காணலாம், தோண்டலாகாது.

தோண்டும் ஆவலைத் தணிக்க வழி உண்டு. காயல்பட்டினக் கடற்கரையிலிருந்து உறவினர் கொணர்ந்த சிப்பிகளைக் களிமண்ணில் அழுத்தி, அக்குழியில் பாரிஸ் சாந்தை ஊற்றி அச்சுகள் எடுத்தோம். (சாந்து இறுகும்போது சூடேறும், பிள்ளைகள் அதில் கைவைக்கலாகாது.) அகன்ற தொட்டியில் ஆற்று மணல், செம்மண், களிமண் என மூன்று அடுக்குகளில் அச்சுகளைப் புதைத்தோம். மேலே நூலால் கட்டங்கள் அமைத்துக் கரண்டியும் தூரிகையும் கொடுத்தோம்.

கூழாங்கல் சிறுவன் முந்திக்கொண்டு ஓர் அச்சைப் பிடுங்கி உயர்த்தினான். "எந்த அடுக்கில், எந்தக் கட்டத்தில் இருந்தது?" என்றேன். விழித்தான். சாட்சி கையில் இருந்தது, சாட்சியம் போய்விட்டது. கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. இடம் தெரியாத படிவத்தின் காலத்தைக் கணிப்பது கடினம். சுற்றுலா சென்ற இடத்தில் நாம் நினைவுக்கென்று எடுத்து வரும் சிறு கல்லும் இவ்வாறே ஊமையாகிவிடுகிறது.

அவசரத்தின் வேறொரு விளைவையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவிற்று. அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் படிவங்கள் என்று வல்லுநர்கள் பின்னர் விளக்கினர். கேட்ட செய்தியைத் தீர விசாரித்து அறியுமாறு நமக்கு இடப்பட்ட கட்டளை கற்களைப் பற்றிய செய்திக்கும் பொருந்துமன்றோ?

பெற்றோர்களே! அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டு முற்றத்திலும் ஒரு தொட்டியை நிரப்புங்கள். ஒரு குறிப்பேடும் கொடுங்கள். எழுதிய பின்னரே எடுக்கவேண்டும் என்பதே ஒரே நிபந்தனை.

அந்தச் சிறுவன் இரண்டாம் அச்சை எடுக்க அரைமணி நேரம் செலவிட்டான். அவன் குறிப்பேட்டில் இருந்தது ஒரே வரி: "மூன்றாம் கட்டம், செம்மண் அடுக்கு, சிப்பி ஒன்று." அன்று அவன் கற்ற பாடம் அதுவே.