பாறையிலே ஒரு குட்டிப் பனை

கொக்கிளாய்க்குச் செல்வோர் பெரும்பாலும் தொலைவையே நோக்குவர். 1951ஆம் ஆண்டிலே பறவைகளின் சரணாலயமாக்கப்பட்ட அக்களப்பில் நாரையும் பூநாரையும் நிற்க, கிணற்றுக்குள் குனிந்து பார்க்க யாருக்கு மனம் வரும்? ஆயினும் நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அத்தகைய இடங்களில் ஒதுங்கி வாழும் பன்னங்களைப் பற்றியே.

கண்டற் சேற்றில் வளரும் முரட்டுப் பன்னம் ஒன்று நீங்கலாக, உவர்க்காற்று இவ்வினத்துக்குப் பெரிதும் ஒவ்வாது. நன்னீர்க் கிணற்றின் உட்சுவரோ குளிர்ந்தது. சுண்ணச்சாந்து வெடித்த இடுக்கிலே வித்தியொன்று விழுந்தால், முதலில் இதய வடிவான சிறு பச்சைத் தகடு தோன்றும். அதன்மேற் படர்ந்த நீர்ப்படலத்தில் ஆண் புணரி நீந்திச் சென்று பெண் புணரியைச் சேர்ந்த பின்னரே பன்னம் பிறக்கும். ஆகவே, பிறப்பதற்கு ஈரம் இன்றியமையாதது.

வாழ்வதற்கோ எல்லாப் பன்னங்களுக்கும் அவ்வளவு ஈரம் வேண்டுவதில்லை. உலர்வலயப் பாறை வெடிப்புகளில் வாழும் மயிற்சிகையைப் பாருங்கள். ஒரு சாண் உயரமும் இல்லாத அச்செடியின் இலை விசிறிபோல் விரிந்திருக்கும். குழந்தைகள் விளையாடச் செய்த பனை எனலாம். கோடையிலே இலை சுருண்டு சருகாகும். செத்தது என்றே எண்ணுவோம். மாரியின் முதல் மழை நனைத்ததும் அதே இலை மீண்டும் பச்சையாய் விரியும். நீரை ஏறத்தாழ முற்றாக இழந்தும் உயிரணு சிதையாது காக்கும் ஆற்றல் அதற்குண்டு. மென்மை வேறு, நலிவு வேறு அன்றோ!

சுவர்களில் வளரும் மற்றொரு பன்னம் மண்ணிலுள்ள ஆசனிக்கு நஞ்சை உறிஞ்சித் தன் இலைகளிற் சேர்ப்பதை 2001இல் அமெரிக்காவின் புளோரிடா ஆய்வாளர் வெளியிட்டனர். சுவர்க்களை என்று நாம் சுரண்டி எறிந்தது அதுவேதான்.

1984இன் இறுதியில் ஊரைவிட்டு அகன்ற கொக்கிளாய் மக்கள், போர் முடிந்த 2009க்குப் பின்னரே மீளக் குடியேற முடிந்தது. கைவிட்ட கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவது மீள்வோரின் முதல் வேலை. ஆலும் அரசும் சுவரைப் பிளக்கும். அவற்றைப் பிடுங்கத்தான் வேண்டும். பன்னத்தின் வேர் மயிரிழை போன்றது. சீமெந்து பூசுமுன் பாவனையற்ற ஒரு பழஞ்சுவரையேனும் அதற்கு விட்டுவைத்தல் தகும் என்பது எம் கருத்து.

மாணவர் ஒன்று செய்யலாம். முற்றிய பன்ன இலையொன்றை, அடிப்புறம் கீழாக, வெள்ளைத்தாளில் இரவு முழுதும் வைத்திருங்கள். காலையில் தாளிலே கபிலநிறத் தூள் படிந்திருக்கும், அத்தனையும் வித்திகள்.