நாள்வழியும் பேரேடும்

கடைகளில் கணக்கெழுதும் பழைய முறையை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அன்றன்று நடக்கும் கொடுக்கல் வாங்கலை, நடந்த வரிசையிலேயே, முதலில் நாள்வழியில் குறித்துக்கொள்வார்கள். ஓய்வு கிடைத்தபோது அதைப் பார்த்து, அவரவர் பற்றையும் வரவையும் பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஏற்றுவார்கள். பேரேட்டைக் கரையான் அரித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்றோ எடுத்த பேரேட்டு நகல் ஒன்றும், அந்த நாள் தொட்டு எழுதிய நாள்வழிகள் யாவும் கையில் இருந்தால், ஒரு காசும் விடாமல் கணக்கை மறுபடி எழுதிவிடலாம்.

நிறுவனங்களின் மின்னஞ்சலைக் காக்கும் சர்வரும் இவ்வாறே கணக்கு வைக்கிறது. நான் கூறப்போவது மைக்ரோசாப்டின் எக்ஸ்சேஞ்ச் 2010 பற்றியது. அதற்குரிய ஆதரவு 2020இல் நின்றுபோயிற்று. ஆயினும் பின்வந்த பதிப்புகளிலும் கணக்கு முறை இதுவே. அதன் தரவுத்தளம் பேரேடு. 32 கிலோபைட் அளவுள்ள பக்கங்களால் ஆனது. நாள்வழிக்கு அங்கே லாக் என்று பெயர். ஒவ்வொரு லாக் கோப்பும் 1 மெகாபைட். கடிதம் ஒன்று வந்தால் அது முதலில் லாக்கில் பதிவாகும். பிறகே பேரேட்டில் ஏறும். முழுக் காப்புப் பிரதி பழுதின்றி எடுத்து முடிந்தால், இனித் தேவைப்படாத பழைய லாக்குகளைச் சர்வரே நீக்கிவிடும். பிரதி எடுப்பது தவறினால் ஒன்றையும் நீக்காது. இந்த விதியைச் சற்று நினைவில் வைத்திருங்கள்.

அந்நாளில் நான் ஒரு நிறுவனத்தின் சர்வரைக் கவனித்து வந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் எவருக்கும் அஞ்சல் வரவில்லை. எவராலும் அனுப்பவும் இயலவில்லை. லாக்குகள் இருந்த வட்டு நிரம்பி வழிந்தது. எழுத இடமில்லாதபோது எக்ஸ்சேஞ்ச் தரவுத்தளத்தை மூடிவிடும். நாள்வழியில் எழுதாததைப் பேரேட்டில் ஏற்றலாகாது என்பது அதன் ஒழுக்கம்.

எண்ணிப் பார்த்தேன்: ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட லாக்குகள். கடைசியாக நல்ல பிரதி எடுத்து 43 நாட்கள் ஆகியிருந்தன! நாள்தோறும் இரவில் பிரதி எடுப்பது தவறியது. தவறியதென்று நாள்தோறும் அறிக்கையும் போயிற்று. எங்கே? வேலையை விட்டுச் சென்றுவிட்ட ஒருவருடைய அஞ்சற்பெட்டிக்கு. இத்தகைய குறை எங்களுக்கு மட்டும் உரியதன்று. 2017 ஜனவரி 31இல் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் பணியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தைக் கைத்தவறாக அழித்துவிட்டார். பிரதிகளைத் தேடினால், பதிப்பு பொருந்தாமையால் அவை எடுக்கப்படவே இல்லை. அதை அறிவிக்கும் அஞ்சல்களையோ பெறும் சர்வர் ஏற்க மறுத்திருந்தது. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த நகல் ஒன்றே அவர்களைக் காத்தது.

"லாக்குதானே, அழித்துவிடுங்கள், அஞ்சல் ஓடட்டும்" என்றார் மேலாளர். அவர்மீது குறை சொல்லேன்; நானும் அரை நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். அழிக்காமல், பேரேட்டில் ஏறி முடிந்த பழைய லாக்குகளை மட்டும் வேறொரு பெரிய வட்டுக்கு மாற்றினேன். இடம் கிடைத்தது, தரவுத்தளம் திறந்தது, அலுவலகம் அமைதியாயிற்று. இனி, பிரதி ஏன் தவறுகிறது என்று பார்க்க வேண்டும்.

விண்டோஸில் நிழற்பிரதி எடுக்கும் சேவை ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை அப்படியே நகலெடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கும் அல்லவா? ஆகவே அந்தச் சேவை, எழுதுவதைச் சில வினாடிகள் நிறுத்தச் சொல்லி, அந்நிலையைப் படம் பிடித்தாற்போல் பதிவு செய்துகொள்கிறது. இதற்கு உடன்பட்டு நிற்க ஒவ்வொரு மென்பொருளுக்கும் ரைட்டர் என்னும் பிரதிநிதி உண்டு. ரைட்டர்களின் பட்டியலைக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சின் ரைட்டர் தோல்வி நிலையில் நின்றது. அதற்குரிய சேவையை நிறுத்தி மீண்டும் தொடங்கினேன், சீராயிற்று. காரணம் அகப்பட்டது என்று மகிழ்ந்தேன்.

அன்றிரவும் பிரதி தவறியது. ரைட்டர் மறுபடியும் தோல்வி நிலைக்குப் போயிருந்தது. அது நோயன்று, நோயின் குறி என்பது அப்போதுதான் விளங்கியது. நிகழ்வுப் பதிவை வரிவரியாகப் படித்தேன். நிழற்பிரதி ஒழுங்காகவே எடுக்கப்பட்டிருந்தது. அதைச் சரிபார்க்கும்போதுதான் -1018 என்ற பிழை. தரவுத்தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த ஒரு தொகை எழுதப்பட்டிருக்கும். மறுபடி கணிக்கும்போது தொகை மாறினால், எழுதியது ஒன்று, வட்டில் இருப்பது வேறொன்று என்று பொருள். ஏறக்குறைய எப்போதும் இது வட்டின் குற்றம், அல்லது வட்டை இயக்கும் கருவியின் குற்றம். பழுதான பேரேட்டை நல்ல பிரதியென்று முத்திரையிட மறுத்து, 43 இரவுகளாகச் சர்வர் சரியானதையே செய்துகொண்டிருந்தது.

பழுதான பக்கம் ஒன்றே ஒன்று. அதைச் செப்பனிடக் கருவி உண்டு. ஆனால் அது செப்பனிடும் முறை, படிக்கவியலாத பக்கத்தைக் கிழித்தெறிவதுதான். அதில் யாருடைய கடிதம் இருந்ததோ! மற்றொரு வழி இருந்தது. பழுது பேரேட்டில்தான், நாள்வழியில் அன்று. 43 நாட்களுக்கு முந்திய நல்ல பிரதி இருக்கிறது. அதன்பின் எழுதிய லாக்குகளும், பிரதி தவறியதனாலேயே, ஒன்றும் நீக்கப்படாமல் இருக்கின்றன.

மாலையில் அஞ்சலை நிறுத்தினோம். புதிய வட்டில் பழைய பிரதியை இறக்கி, மாற்றி வைத்திருந்த லாக்குகளையும் உரிய இடத்தில் சேர்த்தேன். வரிசையில் ஓர் எண் விட்டுப்போனாலும் அந்த இடத்தோடு கணக்கு நின்றுவிடும். ஆகையால் எண்களை இருமுறை சரிபார்த்தேன். பிறகு சர்வர் ஒவ்வொரு லாக்காகப் படித்துப் பேரேட்டில் ஏற்றத் தொடங்கியது. 43 நாட்கள் ஓர் இரவில் மீண்டும் நடந்தன. எனக்குத் தூக்கம் வரவில்லை. தேநீர் மட்டும் வந்தது.

விடியற்காலையில் கடைசி லாக்கும் ஏறி முடிந்தது. பக்கங்கள் யாவற்றையும் சோதித்தேன். பிழை ஒன்றும் இல்லை. அடுத்த இரவு எடுத்த முழுப் பிரதி நிறைவேறியதும், அந்த ஒரு லட்சம் லாக்குகளையும் சர்வர் தானே நீக்கியது. அறிக்கை இப்போது இருவருக்குப் போகிறது. அது வராத நாளில் நாங்களே சென்று பார்க்கிறோம்.