பற்கள் சொல்லும் வயது

மாட்டுச் சந்தையில் விலை பேசுமுன் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பது நம் உழவர்களின் வழக்கம். மனிதரின் வயதை அறியவும் தடய அறிவியல் பற்களையே நாடுகிறது. வயது நிர்ணயத்திற்காகச் சிறுவர்கள் எங்களிடம் அனுப்பப்படும்போது, "பல்லைப் பார்த்து வயதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அதற்கான விளக்கமே இக்கட்டுரை.

பற்கள் ஓர் ஒழுங்கில் முளைக்கின்றன. ஏறத்தாழ 6ஆம் மாதத்தில் தொடங்கி, 3 வயதிற்குள் 20 பால் பற்களும் வந்துவிடும். முதல் நிலைக் கடைவாய்ப்பல் 6 வயதளவிலும், இரண்டாவது 12 வயதளவிலும் முளைக்கும். ஞானப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதிற்குள் வரும். சிலருக்கு வருவதே இல்லை. இங்கிலாந்தின் ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளின் வயதை அறிய, 1837ஆம் ஆண்டிலேயே எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர் இவ்வழியைப் பரிந்துரைத்தார்.

ஆயினும், பால் பல் முன்னதாகவே விழுந்தால் பல் முளைக்கும் காலம் மாறக்கூடும். எனவே எக்ஸ்ரே படத்தில், ஈறுக்குள் பல்லும் வேரும் எவ்வளவு வளர்ந்துள்ளன என்பதையும் நோக்குகிறோம். 1973இல் டெமிர்ஜியன் குழுவினர் வகுத்த முறையில், கீழ்த்தாடையின் இடப்பக்கத்து 7 பற்களின் வளர்ச்சி 8 நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஊட்டக்குறைவு எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் அளவிற்குப் பல் வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்பது இம்முறைக்கு வலுச் சேர்க்கிறது.

வளர்ச்சி முடிந்த பின் தேய்மானமே சான்று. பல் தேய்தல், ஈறு இறங்குதல், வேர் ஒளி ஊடுருவும் தன்மை பெறுதல் உள்ளிட்ட 6 மாற்றங்களைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையை 1950இல் குஸ்தாஃப்சன் வெளியிட்டார். பல்லைப் பிடுங்கி மெல்லிய சீவலாக்கிப் பார்க்க வேண்டியிருப்பதால், அது பெரும்பாலும் அடையாளம் தெரியாத உடல்களுக்கே பயன்படுகிறது.

எம்முறையும் பிறந்த நாளைச் சொல்லாது. ஒரு வயது வரம்பையே சொல்லும். சிக்கல் எழுவது 18 வயதின் விளிம்பில்தான். பிற பற்களின் வளர்ச்சி முடிந்துவிட்ட அப்பருவத்தில் எஞ்சியிருப்பது ஞானப்பல் ஒன்றே. அதுவோ ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். ஒருவர் சிறாரா, வயது வந்தவரா என்பதைப் பொறுத்து, வழக்கு விசாரிக்கப்படும் மன்றமும் கிடைக்கும் பாதுகாப்பும் மாறிவிடும். அதனால்தான் எங்கள் அறிக்கையில் ஒற்றை எண்ணை எழுதாமல், "இன்ன வயதிலிருந்து இன்ன வயது வரை" என்று குறிப்பிடுகிறோம்.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும், பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று, அவை இல்லையேல் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று என்ற வரிசையையே வகுத்துள்ளது. இவை எவையும் இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை.

ஆகவே வீட்டில் உள்ள சான்றுகளை முதலில் தேடி எடுத்து வாருங்கள். முன்பு பிடுங்கிய பற்கள், செய்துகொண்ட பல் சிகிச்சை, பழைய எக்ஸ்ரே படங்கள் பற்றி மருத்துவரிடம் கூறுங்கள். உயிருடன் இருப்பவருக்கு வாய்ப் பரிசோதனையும் எக்ஸ்ரேயுமே போதும். வலி இராது, பல்லைப் பிடுங்க மாட்டோம். குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட்டால், பிற்காலத்தில் அதன் வயதிற்குப் பல்லைச் சாட்சியாக அழைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.