எந்தத் தொலைக்காட்சி வாங்கலாம்?

காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அப்பா காலமான பிறகு அம்மா வாணியம்பாடியிலிருந்து எங்களோடு வந்துவிட்டார். முழங்கால் வலியால் படி இறங்க முடியாது. நாங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு அவருக்குப் பேச்சுத்துணை தொலைக்காட்சிதான்.

2023-ல் பழைய பெட்டி பழுதானது. கையில் 25,000 ரூபாய் இருந்தது. கடைக்காரர் பளிச்சென்று ஒரு படத்தைக் காட்டி, "கறுப்பு எவ்வளவு கறுப்பா இருக்கு பாருங்க சார்" என்றார். 43 அங்குலப் பெட்டியை வாங்கி வந்து மாட்டிவிட்டேன். சோபாவிலிருந்து பார்க்கப் படம் அருமையாகவே இருந்தது.

ஒரு மாதம் கழித்து என் மகள் சொன்னாள்: "அப்பா, பாட்டி டி.வி. பாக்கறதில்ல, கேக்கறாங்க."

அம்மாவின் கட்டில் பக்கவாட்டுச் சுவரோரம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பார்த்தேன். முகங்களெல்லாம் சாம்பல் பூசியது போல் வெளுத்திருந்தன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "செலவு பண்ணி வாங்கிட்ட. அதைப் போய் குறை சொல்றதா?" என்றார். அதன் பிறகுதான் இந்த விஷயத்தைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். நம் அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பெயர்கள் பல, வகைகள் இரண்டு

1982-ல் நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தபோது வாங்கிய பெட்டிகளில் கண்ணாடிப் படக்குழாய் இருந்தது. அது கனமானது, ஆனால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் படம் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். அதனால் உட்காரும் இடத்தைப் பற்றி யோசிக்கும் பழக்கமே நமக்கு இல்லாமல் போயிற்று. பின்னர் வந்த பிளாஸ்மா திரையிலும் அந்த வசதி இருந்தது. அதன் உற்பத்தி 2014-ஐ ஒட்டி நின்றுவிட்டது.

இன்று கடையில் பல பெயர்களைச் சொன்னாலும் அடிப்படை வகை இரண்டே. ஒன்று எல்.சி.டி. இதில் திரவப் படிகம் என்ற பொருள் ஜன்னல் கதவு போல் வேலை செய்கிறது. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் இந்தக் 'கதவு' திறந்து மூடி ஒளியை விடுகிறது. முன்பு பின்விளக்காக மெல்லிய குழல்விளக்கு இருந்தது. இப்போது எல்.இ.டி. விளக்கு. ஆக, 'எல்.இ.டி. டி.வி.' என்பதும் எல்.சி.டி.யே. 'கியூ.எல்.இ.டி.' என்பது அதிலேயே குவாண்டம் புள்ளிகள் கொண்ட மெல்லிய படலம் சேர்த்தது. நிறங்கள் கூடுதல் தெளிவாக இருக்கும், அவ்வளவே. அந்தப் புள்ளிகளின் ஆராய்ச்சிக்கு 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது ஓ.எல்.இ.டி. இதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதிகம் வெளுக்காது. ஆனால் விலை நம் வரவுக்கு எட்டாது. மேலும், ஒரே சேனலை நாள் முழுதும் வைத்தால் மூலையில் நிற்கும் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் நாளடைவில் திரையில் தடமாகப் பதியக்கூடும்.

கேட்க வேண்டிய கேள்வி

எல்.சி.டி. திரையிலேயே வி.ஏ., ஐ.பி.எஸ். என்று இரு முக்கிய உட்பிரிவுகள் உண்டு. வி.ஏ. திரையில் வெண்மை கருமையைவிட 3,000 மடங்குக்கு மேல் ஒளிரும், ஐ.பி.எஸ்.சில் சுமார் 1,000 மடங்குதான். இருட்டான அறையில் நேராக உட்கார்ந்து சினிமா பார்க்க வி.ஏ. சிறந்தது. ஆனால் பக்கவாட்டில் போனால் அது வெளுத்துவிடும். அங்கே ஐ.பி.எஸ். நன்றாகத் தாங்கும். நான் வாங்கியது வி.ஏ. பெட்டியில் குறையில்லை, எங்கள் கூடத்துக்குத்தான் அது பொருந்தவில்லை.

விற்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். ஒரே மாடலில் இரு வகைத் திரைகளும் வருவதுண்டு. ஆகவே நாமே சோதிப்பது நல்லது. கடையில் கண்ணைப் பறிக்கும்படி வைத்திருப்பார்கள். சாதாரண அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். மனித முகம் வரும் காட்சியில் நிறுத்தச் சொல்லி, பக்கவாட்டில் நான்கடி நகர்ந்து பாருங்கள். வீட்டில் மாட்டியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் இதே சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

பணம் எங்கே மிச்சமாகும்?

முதலில் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 43 அங்குலத் திரையில் 'ஃபுல் எச்.டி.' என்றால் சுமார் 20 லட்சம் புள்ளிகள், '4கே' என்றால் 83 லட்சம். ஆனால் ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்தால் சாதாரணக் கண்ணுக்கு இந்த வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. விலை ஒன்றாக இருந்தால் 4கே வாங்கலாம். அதற்கென்று அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. சிறிய பெட்டிகளுக்கும் அதே 18 தான்.

மின்சாரத்துக்கு அஞ்ச வேண்டாம். 80 வாட் பெட்டி தினம் ஆறு மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 15 யூனிட். பின்விளக்கின் அளவைப் பாதியாகக் குறைத்து வைத்தால் மின்சாரமும் மிச்சம், விளக்கின் ஆயுளும் கூடும். பின்விளக்கு போனால் மாற்றலாம். திரை உடைந்தால் அநேகமாகப் புதுப் பெட்டி விலை ஆகிவிடும். ஆகவே திரைக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று தனியாகக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்? பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டிவிட்டது. வேறு வாங்கவும் வசதியில்லை. சுவரில் இருந்த தாங்கியைக் கழற்றிவிட்டு, இரு பக்கமும் திரும்பும் கை வைத்த தாங்கியைப் பொருத்தினேன். காலையில் நான் கிளம்பும்போது திரையைக் கட்டில் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போகிறேன். மாலையில் பிள்ளைகள் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள்.

புதுப் பெட்டி வாங்கப் போகும் அன்பர்கள் கடைக்குப் புறப்படும் முன், வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை கவனியுங்கள். அவர்கள் இடத்தில் நீங்களும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பெரியவர்கள் தாமாகக் குறை சொல்லமாட்டார்கள்.