மொழியா? கருவியா?

முனை மழுங்கிய எழுத்தாணியைக் கொடுத்தால் கம்பனும் காலந் தாழ்த்தித்தான் எழுதியிருப்பான். புலமை புலவனிடம் இருக்கிறது. வேகத்தில் பாதியோ எழுத்தாணியிடம் இருக்கிறது. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் கலையிலும் இஃதே உண்மை.

நம் பல்கலைக்கழகத் தமிழ்த் தோழர்களிடையே அடிக்கடி ஒரு வழக்கு எழுகிறது. பைதான் சிறந்ததா? ஜாவா சிறந்ததா? எந்த மொழியில் எழுதினால் வேலை விரைவில் முடியும்? வழக்காடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மொழியை மட்டும் கொண்டு எவரும் நிரல் எழுதுவதில்லை. எழுதுவதற்கு ஓர் எடிட்டர், எந்திரம் அறியும் வடிவுக்கு மாற்ற ஒரு கம்பைலர், பிழையைத் தேடிப் பிடிக்க ஒரு டிபக்கர் எனப் பல கருவிகள் உடன் இருக்கின்றன. இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் மொழிகளை ஒப்பிடுவது, சாலையைப் பார்க்காமல் வண்டிகளை ஒப்பிடுவது போன்றதே.

சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டா. நம் மும்பையிலேயே, கொலாபாவில் இருக்கிறது. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன் தலைமையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து இளைஞர்கள் ஒரு கணிப்பொறியைத் தாமே கட்டினார்கள். 1960ஆம் ஆண்டு முழு அளவில் இயங்கத் தொடங்கிய அதற்கு 1962இல் 'டிஃப்ராக்' என்ற பெயரைப் பிரதமர் நேரு சூட்டினார். அதில் ஏறத்தாழ 2,700 வால்வுகள். அதன் நினைவகமோ 2,048 சொற்களே கொள்ளும். அதற்கு ஆணையிட விரும்பியவர் எந்திரத்தின் எண்மொழியிலேயே எழுதி, காகித நாடாவில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். ஓர் எண் பிறழ்ந்தால் போதும். கணக்கு முழுவதும் பாழ். எங்கே பிறழ்ந்தது என்று சொல்லும் துணை எதுவும் இல்லை.

1964இல் அதே நிறுவனத்திற்கு 'சி.டி.சி. 3600' என்னும் பெரிய கணிப்பொறி வந்தது. அதனுடன் ஃபோர்ட்ரான் மொழியும் வந்தது. 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் குழுவினர் உருவாக்கிய மொழி அது. எண்மொழியில் ஏறக்குறைய இருபது வரிகள் பிடித்ததை அதில் ஒரே வரியில் எழுதலாயிற்று. மொழி பெரும் பாய்ச்சல் பாய்ந்தது. ஆனால் எழுதியதைத் துளை அட்டைகளில் பதித்து, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால், காத்திருந்த பின்னரே அது தெரியவரும். மொழி வளர்ந்தது, காத்திருப்போ குறையவில்லை!

இந்தக் காத்திருப்பை அளந்து பார்க்க அமெரிக்காவில் சாக்மன், எரிக்சன், கிராண்ட் என்னும் மூவர் முயன்றனர். அவர்களது ஆய்வு 1968இல் வெளிவந்தது. கணிப்பொறியின் முன் அமர்ந்து உடனுக்குடன் பிழை திருத்தியவர்கள், அட்டைக் கட்டைக் கொடுத்துக் காத்திருந்தவர்களைவிடக் குறைந்த உழைப்பில் வேலையை முடித்தார்கள். எனினும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது வேறொன்றை. ஒருவருக்கும் மற்றொருவருக்கும் வேகத்தில் 28 மடங்கு வேறுபாடு என்பதே அது! 'பிறவித் திறமை' பேசுவோர்க்கு அந்த எண் பெருவிருந்தாயிற்று. ஆனால் இரு முறைகளில் உழைத்தவர்களையும் ஒன்றாகக் கலந்து ஒப்பிட்டதால் வந்த மிகைக் கணக்கு அது என்பதை 1999இல் லுட்ஸ் பிரெக்கெல்ட் எடுத்துக் காட்டினார். கருவியின் குறையை ஆளின் குறையாக எண்ணிவிட்டார்கள்.

அவரே 2000ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வை வெளியிட்டார். ஒரே வேலைக்கு ஏழு மொழிகளில் எழுதப்பட்ட 80 நிரல்களை ஒப்பிட்டார். பைதான், பெர்ல் போன்ற மொழிகளில் எழுதியவர்களுக்கு, சி, ஜாவா போன்றவற்றில் எழுதியவர்களுக்கு ஆன நேரத்தில் பாதிக்கு மேல் ஆகவில்லை. ஆனாலும் ஒரே மொழியில் எழுதியவர்களுக்குள் இருந்த வேறுபாடு, மொழிக்கும் மொழிக்கும் இடையே இருந்த வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் மிகுதியாகவே இருந்தது. மொழிக்குப் பங்கு உண்டு. முழுப் பங்கும் அதற்கே உரியதன்று.

அப்படியானால் ஒரே கருவி எல்லா மொழிக்கும் ஒரே அளவு உதவுமா? உதவாது. ஜாவா மொழியில் ஒவ்வொரு பெயரும் எண்ணா, எழுத்தா, வேறு பொருளா என்பதை முன்கூட்டியே அறிவித்து விடுகிறோம். அந்த அறிவிப்பு எடிட்டருக்கு விளக்காகிறது. அடுத்து வரத்தக்கது எது என்று எடுத்துக் கொடுக்கிறது; பொருந்தாததை எழுதும்போதே அடிக்கோடிட்டுக் காட்டுகிறது. இத்துணை இல்லாமல் ஜாவா எழுதுவது, எல்லா வரிகளையும் கையால் சுமப்பதாகும். பைதானில் அவ்வறிவிப்பு கட்டாயமில்லை. ஆகவே எடிட்டருக்குத் தெரிவது குறைவு. ஆனால் இரண்டு வரி எழுதி உடனே ஓட்டிப் பார்த்துவிடலாம். அங்கே ஓட்டமே ஆசிரியர். எனவே நல்ல கருவியை எடுத்துவிட்டால் ஜாவா இழப்பது மிகுதி. பைதான் இழப்பது குறைவு.

இதை நான் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? மாட்டுங்காவில் மாலை வேளைகளில் நாங்கள் சிலர் கூடிப் பயில்கிறோம். செம்பூரிலிருந்து வரும் தோழரிடம் புதிய கணிப்பொறி இருக்கிறது. தாராவியிலிருந்து வரும் தோழரோ, பெரிய மென்பொருளைத் தாங்காத பழைய கணிப்பொறியில், வெறும் நோட்பேடில் ஜாவா எழுதுகிறார். முன்னவர் ஒரு மணியில் முடிப்பது பின்னவருக்கு மூன்று மணி ஆகிறது. "எனக்கு இந்தத் துறை ஒத்துவராது போலிருக்கிறது" என்று அவர் ஒரு நாள் சொன்னார். சிந்தனையில் அவர் எவருக்கும் இளைத்தவரல்லர். அவருடைய பிழைகள் அவருக்குத் தாமதமாகத் தெரிகின்றன; அவ்வளவே! அந்தத் தாமதத்தைத் தம் அறிவின் தாமதம் என்று எண்ணி ஒரு மாணவர் துறையையே விட்டுவிடுவாரானால், அது எவ்வளவு பெரிய இழப்பு!

வழி இல்லாமல் இல்லை. 1983இல் வந்த டர்போ பாஸ்கல், எழுதுவதையும் கம்பைல் செய்வதையும் ஒரே திரையில் இணைத்தது. அக்காலத்துச் சிறிய கணிப்பொறியிலேயே மின்னலென ஓடியது. நல்ல கருவி பெரிய எந்திரத்தில்தான் ஓடும் என்பதில்லை என அது காட்டிற்று. முன்பு ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியே கற்பிக்க வேண்டியிருந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் எடிட்டரும் மொழித்துணையும் பேசிக்கொள்ள ஒரு பொது நெறியை அறிவித்தன. பத்து எடிட்டர், பத்து மொழி என்றால் அன்று நூறு இணைப்புகள். இன்று இருபது போதும். அதன் பயனாக, விம் போன்ற மிகச் சிறிய, விலையில்லாத எடிட்டர்களும் பல மொழிகளுக்குத் துணை பெற்றுவிட்டன. பழைய எந்திரம் எல்லாத் துணையையும் தாங்காது எனினும், வரி எண்ணையும் பிழையையும் காட்டும் எளிய ஏற்பாடு ஒன்றே நோட்பேடைவிடப் பன்மடங்கு மேல்.

கருவி எல்லாம் செய்துவிடும் என்பதும் தவறு. எதைச் செய்ய வேண்டும் என்று தெளிவது மனத்தின் வேலை. அதை எந்த எடிட்டரும் நமக்காகச் செய்யாது. ஒரு செயலில் இறங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றுள் கருவியையும் ஒன்றாகச் சேர்த்தார் வள்ளுவர். கருவி மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை.

ஆதலின் தோழர்களே, 'எந்த மொழி சிறந்தது?' என்று கேட்பதற்கு முன், 'நான் செய்யும் பிழை எனக்கு எத்தனை நொடியில் தெரிகிறது?' என்று கேளுங்கள். அந்த நொடிகளைக் குறைக்க வழி அறிந்தவர், அறியாதவருக்குக் காட்டுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். மொழிச் சண்டைக்குச் செலவிடும் நேரத்தைவிட அது குறைவுதான்.