உங்கள் செப்டிக் டேங்க் இப்போதே நிரம்பித்தான் இருக்கிறது, தெரியுமா?

போர்டிகோவில் கார் நிற்கும் இடத்துக்குக் கீழே ஸ்லாப் போட்டு மூடிக் கிடக்கிறதே செப்டிக் டேங்க், அது இந்த நிமிடம் நிரம்பியிருக்கிறது தெரியுமா? பதற வேண்டாம்! புதுமனை புகுவிழா முடிந்து நீங்கள் குடிவந்த கொஞ்ச நாளிலேயே நிரம்பியாயிற்று. அன்றிலிருந்து இந்தப் பக்கம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அந்தப் பக்கம் ஒரு வாளி வெளியேறுகிறது. அதன் வேலையே அதுதான்!

உள்ளே போகும் கழிவுநீர் ஒரு நாளாவது அலைக்கழிப்பில்லாமல் தங்கவேண்டும். கனமானதெல்லாம் அடியில் வண்டலாக இறங்கும். எண்ணெயும் சோப்பும் பாலாடை போல மேலே படியும். நடுவில் நிற்கும் நீர் மட்டும் சோக் பிட் என்கிற உறிஞ்சுகுழிக்குப் போகும். மேலே மிதக்கும் ஏட்டை வெளியே விடாமல் காப்பது எது தெரியுமா? வெளியேறும் முனையில், கீழ்நோக்கித் தண்ணீருக்குள் வாய் வைத்திருக்கும் ஒரு சாதாரண 'டீ' பைப்! கொத்தனார் அதை மாட்ட மறந்தால் கொழுப்பெல்லாம் போய் சோக் பிட்டை அடைத்துவிடும். வண்டலைக் கரைப்பது, காற்றே படாமல் வாழும் பாக்டீரியாக்கள். டாய்லெட் பளபளக்க வேண்டும் என்று ஆசிட்டை பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் செத்து மடிவது அவைதான்.

இந்தத் தொட்டியைக் கண்டுபிடித்தவர் பிரான்சின் வெசூல் ஊர்க்காரர் ழான்-லூயி மூராஸ். 1860 வாக்கில் வீட்டுக் கழிவுக்கு ஒரு தொட்டி கட்டினார். பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தால், மலையாகக் குவிந்திருக்க வேண்டிய கசடு ஏறக்குறைய காணோம்! மொய்ன்யோ என்ற பாதிரியாரோடு சேர்ந்து ஆராய்ந்து 1881-ல் காப்புரிமையும் வாங்கினார். 1895-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் இதைப் பெரிதாகக் கட்டி, 'செப்டிக் டேங்க்' என்று பெயரும் வைத்தார். அதிலிருந்து வந்த வாயுவைப் பிடித்து அந்த நிலையத்திலேயே விளக்கு எரித்தார்! நம் நாடும் சளைக்கவில்லை. 1897-லேயே பம்பாய் மாட்டுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்துக் கழிவுத் தொட்டிகளில் வாயு சேகரித்தார்கள்.

புது டேங்கில் சாணி கரைத்து ஊற்றும் பெரியவர்களைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 2470 என்ன சொல்கிறது தெரியுமா? முதலில் டேங்கை வெளியேறும் மட்டம் வரை தண்ணீரால் நிரப்பு, பிறகு பழைய டேங்கின் வண்டலைக் கொஞ்சம் விடு, அது கிடைக்காவிட்டால் மக்கிய சாணி போதும் என்கிறது! நம் ஆட்கள் சாணியை மறப்பதில்லை. தண்ணீர் நிரப்புவதைத்தான் மறக்கிறார்கள்.

இனி சொல்வதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். "எங்க வீட்டு டேங்க்கை இருபது வருஷமா எடுத்ததே இல்ல சார்!" என்று மார்தட்டும் ஆட்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அந்தப் பெருமைக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது என்ன தெரியுமா? அடியில் கான்கிரீட்டே போடாத குழி. அல்லது வெறும் உறை இறக்கிய கிணறு. எல்லாம் மண்ணுக்குள் போய்விடுகிறது, அதனால்தான் நிரம்பவில்லை. மண்ணுக்குள் போனது எங்கே போகும்? சோக் பிட்டுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது அதே தர நிர்ணயம். கிட்டத்தட்ட 60 அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்தாலும் 50 அடிதான்! இதில் வாஸ்துப்படி போர் ஈசானிய மூலையில், டேங்க் வாயு மூலையில். இரண்டும் ஒரே வடக்குச் சுவர் ஓரம்! உங்கள் டேங்க் ஒழுகாவிட்டாலும் பக்கத்து மனைக்காரரின் டேங்க் உங்கள் போருக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை அடி எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் எப்போது எடுப்பது? பொதுவாக 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை. சந்தேகமிருந்தால் அளக்கலாம். நீளமான கம்பின் நுனியில் வெள்ளைத் துண்டைச் சுற்றி, ஆய்வுத் துளை வழியாக அடி தட்டும்வரை மெல்ல இறக்கி, சற்று நேரம் வைத்திருந்து எடுத்தால், வண்டல் இருந்த உயரத்துக்குத் துண்டில் கறுப்பு ஏறியிருக்கும். அது நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரியைக் கூப்பிட வேண்டியதுதான். அளக்கும்போது தலையைத் துளைக்குள் நீட்டக் கூடாது. பீடி, தீக்குச்சி பக்கத்திலேயே வரக் கூடாது. உள்ளே இருப்பது மீத்தேன்.

அதைவிடப் பொல்லாதது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கே மரத்துப்போகும்! "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று தோன்றும் நொடிதான் ஆளைக் கொல்லும் நொடி. ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் விழுவது இதனால்தான். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்கினால், இறக்கச் சொன்னவருக்கு 2013-ம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுகளுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மெஷின் லாரி வரும் சந்தில் ஆளை இறக்குவதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு செப்டிக் டேங்க் அருமையான பிரசவ ஆஸ்பத்திரி, தெரியுமா? அது நுழையும் வாசல், மொட்டை மாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வென்ட் பைப்! ஒரு துண்டு நைலான் வலையைக் கட்டிவிட்டால் கதை முடிந்தது.

டேங்க் மிதக்கும் என்றால் நம்புவீர்களா? ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும்போது டேங்கைக் காலி செய்தால், அடியிலிருந்து நீர் தள்ளி அது மேலே எழும்பலாம். முக்கியமாக, ரெடிமேடு பிளாஸ்டிக் டேங்குகள். எனவே லாரியைக் கோடையில் கூப்பிடுங்கள். "சுத்தமா வழிச்சு எடுத்துடுறேன்" என்று லாரிக்காரர் ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடியில் ஓர் அங்குல வண்டல் அடுத்த சுற்றுக்கு விதையாகக் கிடக்கட்டும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்றும் கேளுங்கள். இதற்காகவே மதுராந்தகம் பக்கம் கருங்குழியில் 2017-ல் தமிழ்நாட்டின் முதல் கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. பிறகு மற்ற ஊர்களிலும் வந்திருக்கின்றன. உங்கள் லாரிக்காரர் ஏரிக்கரையைச் சொன்னால், வேறு லாரியைப் பாருங்கள். அழைக்க வேண்டிய எண் 14420.